பத்தடிக்கு ஆறடி ஆசியா

கல்முனை, தரவைப் பிள்ளையார் வீதி முடக்கு.
சதுர அடி தொண்ணூறு ரூபா.
வளையம் அடிக்கத் தனிக்காசு வாங்குவதில்லை.

ஆசிய ஒருமைப்பாட்டு மாநாடாம், நாளை ஒன்பதரைக்கு.
வட்ஸ்அப்பில் கண்டத்தை அனுப்பியிருந்தார்கள்,
முத்திரை அளவில்.
பெருப்பித்தேன்.
இமயம் சீமெந்துக் கல் அடுக்கியதுபோல்
சதுரம் சதுரமாக நின்றது.
பத்துக்கு ஆறு என்றால் இந்தோனேசியா அடங்காது.
வெட்டினேன். ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டது வேறு.
நாலு சமயச் சின்னமும் ஒரே அளவில் வேண்டும்.
அடிமட்டம் வைத்துத்தான் செய்தேன்.
பிறை மெலிவாகத் தெரிகிறதாம், ஒரு தொலைபேசி.
பிறை மெலிவுதானே ஐயா என்றேன்.
தர்மச் சக்கரம் ஒரு விரற்கடை மேலே ஏறட்டும் என்றது கந்தோர்.
ஓம் அகலம் கூடிச் சிலுவையை இடித்தது.
சிலுவைக்காரர் எடுக்கவேயில்லை,
அதனால் அதைத்தான் ஒதுக்கினேன்.
மறுகா, காஷ்மீரில் கோடு வேண்டாம்.
தாய்வானைக் கொஞ்சம் மங்கலாக்கு.
"பலஸ்தீனம் எண்டு எழுதிக் கிடக்கா, சுபோதினி?"
இது என் முதலாளி, ஜவ்பர் காக்கா.
எழுதியிருக்கவில்லை. எழுதினேன்.
எட்டுப் புள்ளி எழுத்து.
அதற்குமேல் அங்கே இடமில்லை.

ஆசியாவை விடுங்கள்.
எங்கள் ஊருக்குப் பிரதேச செயலகம் ஒன்றா இரண்டா என்பதே
இன்னும் தீராத கணக்கு.
உண்ணாவிரதத்துக்கு நான்தான் அடித்தேன்.
எதிர் உண்ணாவிரதத்துக்கும் நான்தான்.
ஒரே ரோலில் ஒன்றன்பின் ஒன்றாக
மை காயுமுன் சுருட்டியதில்
அவர்களின் பச்சை எங்கள் மஞ்சளில் ஏறிவிட்டது.
துடைக்கத் துடைக்கப் பரவியது.
அப்படியே கொடுத்தேன்.

ஒரு மின்வெட்டில்,
விசிறியும் இல்லாமல், பேச ஒன்றும் இல்லாமல்,
காக்காவின் உம்மா வழிக் குடியும்
என் அம்மா வழிக் குடியும்
ஒரே பெயர் என்று கண்டுபிடித்தோம்.
அவர் சிரித்தார். நான் தண்ணீர் குடித்தேன்.
கரன்ட் வந்தது.
பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை,
தொண்ணூறில் இரண்டு வீட்டிலும்
குறைந்துபோன ஆட்களைப் பற்றி எடுக்காததைப் போலவே.

இது கச்சான் காற்றுக் காலம்.
வயலைக் கடந்து கொதிக்கக் கொதிக்க வரும்.
பெரிய பதாகைக்குக் காக்கா பிறைவெட்டுப் போடுவார்,
பிளேட்டால் அங்கங்கே அரைவட்டம்,
காற்று நுழைந்து போக.
மாநாட்டுக் குழுவுக்கு அது பிடிக்கவில்லை.
"ஒருமைப்பாட்டில் ஓட்டையா?"
காக்கா பிளேட்டைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.
"அப்ப கிழியும்,"
விலை சொல்வதுபோல் சொன்னார்.

ஓரம் மடித்து வளையம் அடிக்கும்போதுதான் பார்த்தேன்.
இரண்டடிக்கு ஒன்று.
கீழ் ஓரத்தில் மூன்றாவது
சரியாக நம் தீவின்மேல் விழுந்தது.
நகர்த்தியிருக்கலாம். இழுவை பிசகும்.
அடித்தேன்.
நகத்தின் அளவில் ஒரு வட்டத் துண்டு கீழே விழுந்தது,
கண்டி, கொழும்பு, கல்முனை எல்லாம் அதில் அடக்கம்.
மாலையில் கடையைக் கூட்டியபோது
அதையும் சேர்த்துத் தள்ளினேன்.

மாநாடு நடந்ததாகக் கேள்வி.
மத்தியானத்துக்குள் ஆசியா சீனப் பக்கமாகக் கிழிந்து
மீன் சந்தைவரை பறந்ததாம்.
மூன்று நாள் கழித்து அவ்வழியே போனேன்.
பாரைக் குட்டிகளுக்கு மேல்
மொங்கோலியா நிழல் விழுத்திக்கொண்டிருந்தது.
மண்டபத்து மாடிக் கம்பியில் கயிறு அப்படியே.
கயிற்றில் வளையம்.
வளையத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு நீலம்.
கடலா, மை வழிந்ததா
என்று பார்க்க எட்டினேன்.
எட்டவில்லை.